புகையில்லாத தணல்

குண்டூசியால் அடுப்பின் துளைகளைக் குத்திக்கொண்டிருக்கிறார் சரோஜினிதேவி. அடுப்பு அவருடையதல்ல. மடத்துவெளிச் சந்தியில் தம்பிராசா நடத்தும் தேத்தண்ணிக்கடையின் காஸ் அடுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு தேநீர் சொன்னவர், கதிரையில் இருக்காமல் நேரே உள்ளே போய்விட்டார்.

“மஞ்சளாய் எரியுது தம்பிராசா. காஸும் வீண், கேத்திலும் கரி. ஓட்டையெல்லாம் அடைஞ்சுபோய்க் கிடக்கு.”

“ரீச்சர், நீங்கள் தேத்தண்ணி குடிக்க வந்தனீங்களோ, அடுப்புக்கு வைத்தியம் பாக்க வந்தனீங்களோ?”

“உம்மடை தேத்தண்ணியைக் குடிச்சால் எனக்குத்தான் வைத்தியம் பாக்கவேணும். இப்ப பத்தவையும்.”

சுவாலை நீலமாக எழுகிறது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கதிரைக்கு வருகிறார்.

வயது ஐம்பத்து நான்கு. இருபத்திரண்டு வருடங்களாகத் தீவில் விஞ்ஞானம் படிப்பிக்கிறார். ‘நெருப்பு ரீச்சர்’ என்று பின்னால் சொல்வார்கள், அவருக்கும் தெரியும். கோயிலில் விளக்குப் புகைத்தால் திரியைக் குறைக்காமல் கும்பிடமாட்டார். அவர் வரும் நேரம் ஐயர் மடப்பள்ளிப் பக்கம் போய்விடுவார். வேலியோரம் யாராவது ஈரக் குப்பையைக் கொளுத்தினால் சைக்கிளை நிறுத்தி இறங்கிவிடுவார். வீட்டில் பனை மட்டைகளைக் காய்ந்த நாள்வாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். “ஈர மட்டையிலை சமைச்சால் முதல் மட்டைக்குள்ளை கிடக்கிற தண்ணி கொதிக்கும், பிறகுதான் உலை கொதிக்கும்” என்பார். மண்ணெண்ணெய் எரிகிறது என்று சொன்ன ஒருவரை மறித்து, எண்ணெய் எரியிறேல்லை, அதின் ஆவிதான் எரியிறது என்று செத்தவீட்டில் விளக்கியதாக ஒரு கதையும் உண்டு. அவர் அதை மறுப்பதில்லை.

தகனம் பாடத்துக்கு அவரிடம் ஒரு மெழுகுதிரியும் ஒரு வெள்ளைச் சாசரும் போதும். சாசரைச் சுவாலைக்குள் பிடிப்பார். அடியில் கரி படியும். “காத்துக் காணாட்டில் அரைகுறையாய் எரியும். அதுதான் இந்தக் கரி, புகை. புகையில்லாட்டில்?” வகுப்பு முழுவதும் கத்தும்: “நல்லாய் எரியுது, ரீச்சர்!” ஒவ்வொரு தவணைப் பரீட்சையிலும் இந்தக் கேள்வி வரும். எல்லாருக்கும் புள்ளி விழும்.

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், இறுப்பிட்டியில் கிருசாந்தியின் குழந்தையைப் பார்க்கப் போனார். கிருசாந்தி அவருடைய பழைய மாணவி; பிள்ளை பிறந்து பத்து நாள். மழையோடு வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து கரண்ட் இல்லை. வீடு சுவிஸிலிருந்து தமையன் கட்டிக்கொடுத்த புது வீடு: கொங்கிறீற் கூரை, இழுத்துப் பூட்டும் கண்ணாடி யன்னல்கள். பழைய ஓட்டு வீடென்றால் காற்றுக்கு நூறு வழி. இங்கே ஓர் ஈர்க்கு நுழைய இடமில்லை. போதாததற்கு யன்னல் விளிம்புகளில் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவும் ஒட்டியிருந்தது.

கிருசாந்தியின் தாய் சீதேவி வாசலிலேயே விரலை வாயில் வைத்தாள்.

“மெதுவாய்க் கதையுங்கோ ரீச்சர். பத்து நாளாய் ஒரே கத்தல். இண்டைக்குத்தான் பிள்ளை ரண்டு மணித்தியாலமாய் அசையாமல் கிடக்குது.”

“கிருசாந்தி?”

“அவளும் படுத்திட்டாள். தலையிடிக்குதெண்டவள், சத்தியும் எடுத்தவள், வயித்திலை ஒண்டும் தங்கேல்லை. பிள்ளைப்பெத்த உடம்பெல்லோ.”

சரோஜினிதேவி அறைக்கதவைத் தள்ளினார். கட்டிலுக்குக் கீழே மண்சட்டியில் தணல். பிள்ளைப்பெற்றவளுக்குச் சூடு காட்ட அந்தப் பக்கத்தில் வழக்கமாக வைப்பதுதான். சிரட்டைக்கரி, இப்போதுதான் இன்னொரு கைப்பிடி போட்டிருந்தது. புகை இல்லை. மணமும் இல்லை. சிவந்த கரியின் மேல் சின்னச் சின்னதாக நீல நாக்குகள் ஓடிக்கொண்டிருந்தன.

“ஒரு சொட்டுப் புகையில்லை ரீச்சர்” என்றாள் சீதேவி பின்னாலிருந்து. “முத்தத்திலை வைச்சு, புகை முழுக்கப் போனாப் பிறகுதான் உள்ளை கொண்டந்தனான். புகையில்லாட்டில் பயமில்லை, அது நல்லாய் எரியுதெண்டு நீங்கள் படிப்பிச்சதாம். கிருசாந்திதான் சொன்னவள்.”

சரோஜினிதேவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு ஓடினார்.

“ஐயோ, பச்சைப்பிள்ளை! காத்துப் படும்!”

“காத்துத்தான் வேணும்! கிருசாந்தியை இழும், சீதேவி. கையைப் பிடிச்சு வெளியிலை இழும்!”

காற்றுப் போதாத இடத்தில் கரி பாதிதான் எரியும். அப்போது எழும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றுக் கிடைத்த அளவுக்கு அது நீலமாக எரிந்துகொண்டிருந்தது. மிச்சம் அறைக்குள் நிறைந்து, அவர்களின் இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி உண்டு. மெழுகுதிரிக்கும் சாசருக்குமே நேரம் சரியாகிவிடும் என்பதால், இருபத்திரண்டு வருடமும் அந்த வரியை வாசித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறார்.

சீதேவி மகளை இழுத்துவந்து விறாந்தைத் தரையில் கிடத்தினாள். குழந்தையின் தலை சரோஜினிதேவியின் தோளில் துவண்டு கிடந்தது. உள்ளங்காலைச் சுண்டினார். சாரல் அதன் முகத்தில் விழுந்தது. மறுபடி சுண்டினார். மூன்றாம் முறை முகம் சுருங்கியது. மெல்லிய ஒரு கீச்சு. பிறகு வீடே அதிரும்படி ஓர் அழுகை. சீதேவி பழக்கத்தில் கையை நீட்டினாள், தட்டிக்கொடுக்க.

“விடும். கத்தட்டும்.”

பக்கத்து வீட்டு டினேஷின் ஓட்டோவில் ஏறினார்கள். அவன் மழைச் சீலையை இறக்கினான். சரோஜினிதேவி ஏற்றச் சொன்னார். நாலு பேரும் நனைந்தார்கள். குழந்தை ஒரு நிமிடம் ஓயவில்லை.

“ரீச்சர், இந்தச் சத்தத்துக்கு எனக்கு ஹோண் தேவையில்லை” என்றான் டினேஷ். தாயின் மடியில் தலைவைத்துக் கிடந்த கிருசாந்திக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்துத்தான் சரோஜினிதேவி முதன்முறையாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஒட்சிசன் வைத்தார்கள். ஒன்றரை மணித்தியாலம் கழித்து டொக்டர் வெளியே வந்து, “பயமில்லை. நாளைக்கும் வைச்சுப் பாப்பம்” என்றார். உள்ளே போனபோது கிருசாந்தி முகமூடியை ஒரு பக்கம் தூக்கினாள்.

“பசிக்குது ரீச்சர்.” பிறகு, “அதிலை புகை இல்லையே...”

“ஓம். நான் சொல்லித்தந்தது பாதி. முகமூடியைப் போடும்.”

வெளி விறாந்தையில் கிடந்த நீள மர வாங்கில் சீதேவி குனிந்து உட்கார்ந்திருந்தாள். கைகளைச் சீலை மடிப்புக்குள் மறைத்து வைத்திருந்தாள். தாதி ஒரு படிவத்தோடு வந்தாள்.

“அறைக்குள்ளை நெருப்பு ஆர் வைச்சது?”

சீதேவி கைகளை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“சிரட்டைத் தணல். பூட்டின அறை. ரண்டு மணித்தியாலத்துக்கு மேலை” என்றார் சரோஜினிதேவி. “அதை எழுதுங்கோ பிள்ளை.”

தாதி எழுதிக்கொண்டு போனாள். சரோஜினிதேவி எழுந்து, விறாந்தைக் குழாயில் தன் சீலைத் தலைப்பை நனைத்துக்கொண்டு வந்தார். சீதேவியின் வலக்கையை மடிப்புக்குள்ளிருந்து வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்தார். விரல்களில் ஒட்டியிருந்த சிரட்டைக்கரியை ஒவ்வொரு விரலாகத் துடைக்கத் தொடங்கினார்.