அமெரிக்காவில் எனக்கு ஒருவரும் இல்லை

ஒஸ்லோவில் ஜனவரி மாதம், பனிக்குள் கார்கள் புதைந்து கிடக்கும்போதே ஆட்கள் கோடை விடுமுறையைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் பதினொரு மணிக்கே மதிய உணவு. பாண் துண்டுகளுக்கு இடையில் மெல்லிய காகிதம் வைத்துக் கட்டிக்கொண்டு வந்த பொதியைப் பிரித்தபடி, கூட வேலை செய்யும் பெரித் கேட்பாள்: "கோடைக்கு எங்கே போகிறாய்?" வந்த புதிதில் இதையும் ஒரு விசாரணை என்று நினைத்துப் பயந்தேன். பிறகு பழகிவிட்டது. லண்டன், பாரிஸ், ரொறொன்ரோ என்று ஒவ்வொரு வருடமும் ஒன்றைச் சொல்வேன். ஒருமுறை அவள் பாணைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "அது சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது. நான் கேட்டது பயணம். நீ எங்கே பயணம் போகிறாய்?" பெரித் கெட்டவள் அல்ல. பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கணவனை வீட்டில் விட்டுவிட்டு, இத்தாலிக்குத் தனியே போய் வருகிறவள். ஏன் தனியே போனாய் என்று அவளை ஒருவரும் கேட்பதில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. அன்று முழுவதும் உருளைக்கிழங்கு உரித்தபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

யோசித்துப் பார்த்தால் நான் பல நகரங்களைக் கடந்து வந்தவள்தான். இருபத்திரண்டு வயதில், போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து, ஆட்களைக் கள்ளமாக அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பிப் புறப்பட்டேன். மொஸ்கோவில் ஓர் அறையில் ஏழு பேராக ஆறு நாட்கள் இருந்தோம். திரைச்சீலையை விலக்கக் கூடாது என்பது கட்டளை. பெர்லினில் சுவர் இருந்த காலம் அது. உலகமே பார்த்த அந்தச் சுவரை நான் பார்க்கவில்லை. வான் ஒன்றின் பின்பக்கத்தில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். நோர்வேக் கடவுச்சீட்டு கிடைத்த பிறகாவது நிலைமை மாறியதா என்றால் இல்லை. பாரிஸுக்குப் போனது ஒரு செத்தவீட்டுக்கு. ஈபிள் கோபுரம் காரின் பின்கண்ணாடியில் ஒரு நிமிடம் தெரிந்தது. லண்டனில் ஒரு பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியவீடு, மண்டபத்துச் சமையலறையில் நின்று வடை சுட்டேன். ரொறொன்ரோவில் கல்யாணம், ஒரு கிழமையாக ஐந்து வீடுகளின் சோபாக்களில் இருந்து தேத்தண்ணி குடித்தேன். மொஸ்கோவில் திரைச்சீலை, மற்ற இடங்களில் சொந்தபந்தம். எனக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. ஒருவருடைய வீட்டுக்கும் போகாமல், ஒருவருடைய ஆளாகவும் இல்லாமல், நகரங்களை என் கண்ணால் பார்க்க வேண்டும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அமெரிக்காவைத் தெரிவு செய்ததற்குக் காரணமே அங்கே எங்களுக்குச் சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லாததுதான்.

என் கணவரிடம் சொன்னபோது தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இஞ்சாரும், அமெரிக்காவிலை எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதுதான் போறன்."

"தனியவோ? சனம் என்ன நினைக்கும்?"

சனம் என்ன நினைத்தது என்பது நாங்கள் இருக்கும் ரொம்சோஸ் மாடிக் குடியிருப்பில் இரண்டே நாளில் தெரிந்தது. லிப்டில் சந்தித்த பெண்கள் இருவர், வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்று தேன் தடவிய குரலில் கேட்டார்கள். இல்லை என்றால் நம்புவார்களா? பிரச்சினை இல்லாத பெண்பிள்ளை எதற்குத் தனியே விமானம் ஏறுகிறாள் என்பது அவர்களுக்கு விளங்காத கணக்கு. ஆனால் மூன்றாம் மாடியில் இருக்கும் சறோ அக்கா வேறு விஷயத்துக்காக வந்தார், கையில் ஒரு பொதியோடு. அது ஊரில் போர் நின்றிருந்த சமாதான காலம். பாதை திறந்திருந்ததால் அவருடைய தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம் நின்றுவிட்டுப் போயிருந்தார். கொண்டு வந்த, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவிலும், அவித்துக் காயவைத்த புழுக்கொடியலிலும் பாதியைப் பிரித்து, நியூஜேர்சியில் இருக்கும் தங்கை வதனிக்குக் கட்டி வைத்திருந்தார்.

"வீட்டை போகத் தேவையில்லை. வாஷிங்டனிலை நிண்டு போன் பண்ணினால் அவள் வந்து வாங்குவாள். உமக்கென்ன பாரமே இது?"

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் வாங்கினேன். விமானம் ஏறும் எங்கள் ஆள் எவருடைய பெட்டியையும் திறந்து பாருங்கள், பாதி மற்றவர்களுடையதாக இருக்கும். இன்னொருவர் சாமானை மாட்டேன் என்று சொன்ன ஆள் எங்களுக்குள் இன்னும் பிறக்கவில்லை. பெட்டியை ஒப்படைக்கும் இடத்தில், யாராவது உங்களிடம் கொண்டுபோகப் பொருள் தந்தார்களா என்று கேட்டார்கள். எல்லோரும் சொல்வதைப் போல நானும் இல்லை என்றேன். அதைப் பொய் என்று நான் நினைக்கவே இல்லை. சறோ அக்கா தந்தது எப்படி யாரோ தந்த பொருளாகும்?

நியூயோர்க்கில் இறங்கி சிக்காகோ விமானத்துக்கு மாற வேண்டும். அந்தக் கோபுரங்கள் விழுந்த பிறகு வந்த வருடங்கள். விரல் ரேகை எடுத்து, படம் பிடித்து, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்பதை இரண்டு தரம் வாசித்தார்கள். எதற்கு வந்தீர்கள் என்றார் அதிகாரி. இடம் பார்க்க என்றேன். அமெரிக்காவில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். அதைப் பெருமையோடு சொன்னேன் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே கோபம் வருகிறது. தனியே வந்த பெண், ஆள் இல்லாத நாடு, அவருக்கும் ரொம்சோஸ் பெண்களைப் போல விளங்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

பெட்டியைத் திறந்தவர் கையுறை போட்டிருந்தார். முதலில் வெளியே வந்தது ஒடியல் மா, நெகிழிப் பையில், மூன்று சுற்று நாடா ஒட்டி. இது என்ன என்றார். மா என்றேன். எதனுடைய மா? பனங்கிழங்குக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலும் பெயர் இல்லை, நோர்வேஜிய மொழியிலும் பெயர் இல்லை. மரம், வேர், வெயில் என்று கையால் காட்டினேன். பிறகு அவருடைய பேனையை வாங்கி ஒரு பனை வரைந்தேன். அது விளக்குமாறு போல வந்தது. அவர் சிரிக்கவில்லை. அடியில் இருந்து வதனியின் பெயரும் விலாசமும் தொலைபேசி எண்ணும் எழுதிய காகிதத்தை எடுத்தார்.

"இது யார்?"

"பக்கத்து வீட்டுப் பெண்ணின் தங்கை."

"உங்களுக்குத் தெரிந்தவரா?"

"இல்லை. ஒருநாளும் பார்த்ததில்லை."

"தெரியாத ஒருவருக்கு, என்னவென்று சொல்லத் தெரியாத தூளைக் கொண்டு வந்திருக்கிறீர்கள். ஒருவரும் ஒன்றும் தரவில்லை என்று சொல்லித்தான் ஒஸ்லோவில் ஏறியிருப்பீர்கள். இங்கே ஒருவரும் இல்லை என்று நீங்கள் சொன்னதாகச் சீட்டில் இருக்கிறது."

மரியாதையாகத்தான் சொன்னார். அவர் சொன்னது அத்தனையும் சரி. நான் சொன்னது அத்தனையும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று விளக்க, எங்கள் சனத்தைப் பற்றி முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதற்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை, அவரிடம் நேரம் இல்லை. விலாசத்தைத் தன் படிவத்தில் எழுதிக்கொண்டு காகிதத்தை என்னிடமே திருப்பித் தந்தார். நான்கு மணித்தியாலம் ஒரு கதிரையில் இருந்தேன். மா வெறும் மா என்று பரிசோதனையில் தெரிந்தது. ஆனாலும் கிழங்கு வகை நாட்டுக்குள் வரக்கூடாதாம். முகமாலையில் இராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கத்துச் சோதனைச்சாவடிகளும் தடவிப் பார்த்து விட்ட மா, அங்கே ஒரு குப்பைத் தொட்டிக்குள் விழுந்தது. புழுக்கொடியல் தொட்டிக்குள் விழுந்தபோது தடதடவென்று சத்தம் கேட்டது.

சிக்காகோ விமானம் போய்விட்டது. என் பெட்டியை அன்றே ஏற்றினார்கள்; என்னை மறுநாள் ஏற்றினார்கள். பெட்டி வேறு எங்கோ போய்ச் சேர்ந்தது. போட்ட சட்டையோடு சிக்காகோவில் நின்றேன். ஆனால் சொல்ல வேண்டும், முதல் காலை நன்றாகத்தான் இருந்தது. கடலைப் போன்ற ஏரி, கழுத்து நோக நிமிர்ந்து பார்க்க வேண்டிய கட்டடங்கள். இங்கே எனக்குத் திரைச்சீலை கட்ட ஆளில்லை, தேத்தண்ணி ஊற்ற ஆளில்லை என்று மனம் துள்ளியது. நடந்து கால் வலித்த பிறகு, கடமையை முடித்துவிடுவோம் என்று வதனியை அழைத்தேன். பொதியைப் பறித்த கதையைச் சொன்னேன்.

"பறவாயில்லை அக்கா. இப்ப எங்கை நிக்கிறியள்? ஆரின்ரை வீட்டிலை?"

"சிக்காகோவிலை, ஹோட்டலிலை. பிறகு வாஷிங்டன். இடம் பார்க்க வந்தனான்."

"ஏன் அக்கா, எங்கடை வீடு இல்லையோ? வாஷிங்டனுக்கு நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்."

வேண்டாம் என்றேன். பிறகு, "என்ரை பேர் எழுதின துண்டு உள்ளுக்குக் கிடந்ததே, அதை அவங்கள் பார்த்தவங்களோ?" என்று கேட்டாள்.

"ஓம். எழுதி எடுத்தவங்கள்."

"விலாசத்தையுமோ?"

"ஓம்."

"எனக்கு இங்கை இருக்கப் பேப்பர் இல்லை அக்கா. அகதிக் கேஸ் தள்ளுபட்டு நாலு வருசம்."

நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். பதினாறு வருடத்துக்கு முன்பு என் பெயர் எந்தக் காகிதத்தில் ஏறும் என்று பயந்து பயந்து செத்தவள் நான். அந்தப் பயத்தின் ருசி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதை நானே ஒரு பெண்ணின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், இடம் பார்க்க வந்த இடத்தில். அதற்குப் பிறகு சிக்காகோவில் நான் என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. படங்கள் இருக்கின்றன. அதைப் பார்த்துத்தான் நானும் தெரிந்துகொள்கிறேன்.

இரண்டு நாள் கழித்து என் கணவர் ஹோட்டலுக்கு அழைத்தார். "வதனி வீடு மாறீட்டாளாம். சறோ அக்கா அழுகிறா. நீர் ஏன் அவளின்ரை வீட்டை போகேல்லை எண்டு கேக்கினம்." போயிருந்தால் மட்டும் படிவத்தில் எழுதிய விலாசம் அழிந்திருக்குமா? ஆனால் அவர்களுடைய கேள்வி அதுவல்ல என்று எனக்கும் தெரியும். போயிருந்தால் நான் அவர்களுக்குள் ஒருத்தி. தவறு எங்களுடையதாக இருந்திருக்கும். போகாததால் அது என்னுடையது. சறோ அக்கா இன்று வரை என்னோடு கதைப்பதில்லை.

வாஷிங்டனில் என் பெட்டி என்னை வந்து சேர்ந்தது, அடியில் ஒரு சில்லு உடைந்து, இழுக்க முடியாமல். மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே லிங்கன் நினைவு மண்டபத்துக்குப் போனேன். வழியில் தொலைபேசிக் கூண்டிலிருந்து வதனியின் எண்ணை இன்னொரு தடவை முயன்றேன். இந்த எண் பாவனையில் இல்லை என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. படிகளின் கீழே நின்று, எதற்கு வந்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்னால் நோர்வேஜிய மொழி கேட்டது. தகப்பன், தாய், வளர்ந்த மகள். நான் காலமெல்லாம் எரிச்சலோடு கேட்ட மொழி. ஆனால் அன்று ஊர்ச்சனத்தைக் கண்டது போல இருந்தது. கிட்டத்தட்ட ஓடிப் போய், அவர்கள் மொழியிலேயே, நானும் ஒஸ்லோதான், ரொம்சோஸ் என்றேன். தாய் இனிமையாகச் சிரித்தாள். ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

"அப்படியா! நன்றாகப் பேசுகிறீர்கள். உண்மையில் எந்த நாடு?"

நான் மறுபடியும் நோர்வேஜிய மொழியில், பதினாறு வருடமாக அங்கே இருக்கிறேன் என்றேன். தகப்பன், இங்கே உறவினரைப் பார்க்க வந்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, பயணம் வந்தேன் என்றேன். தலையை ஆட்டினார். மகள் சின்ன டிஜிட்டல் கமராவை என்னிடம் நீட்டினாள். மூவரும் படியில் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். வெயில் எனக்குப் பின்னால் இருந்தது. அழுத்தினேன். மகள் ஓடி வந்து திரையைப் பார்த்தாள். அவர்களுடைய காலடியில், வெள்ளைப் படிகளின் மேல், தலையும் தோளுமாக என் நிழல் நீண்டு கிடந்தது.

"இன்னொன்று எடுக்க முடியுமா?" என்றாள் அவள். "கொஞ்சம் தள்ளி நின்று?"

தள்ளி நின்று எடுத்தேன். மூவரும் கமராவின் மேல் குனிந்து பார்த்தார்கள். இப்போதுதான் படம் நன்றாக வந்திருக்கிறது என்று தங்களுக்குள் நோர்வேஜிய மொழியில் சொல்லிக்கொண்டார்கள்.