ஆவன செய்த கால்

அருங்காட்சியகத்தில் எல்லோருக்கும் ஒரு பதவி உண்டு. அவளுக்கு மட்டும் ஒரு பட்டப்பெயர்தான் உண்டு: தூசியம்மா. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். இருபத்தாறு வருடமாக மூன்றாம் கூடத்தில், பாடம் செய்து நிறுத்திய பிராணிகளின் மேல் படிகிற தூசியைத் தட்டுகிறாள். புலிக்கு மென்துணி, முதலைக்கு ஈரத்துணி, பறவைகளுக்கு முகப்பவுடர் போடுகிற பஞ்சு. ஒட்டகத்தின் காதுக்கென்று தனியாக ஒரு பல் பிரஷ் வைத்திருக்கிறாள். தன் காதைப் பற்றி இந்த அக்கறையில் கால்பங்கு கூடக் காட்டியதில்லை என்பது அவள் கணவரின் நிரந்தரக் குறை.

கூடத்தின் மகாராணி, கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக நிற்கும் தரைப்பறவை. வாத்து அளவு உடம்பு, பறக்க உதவாத சின்னச் சிறகு, யாரையும் நம்பிவிடுகிற முகம். ஏதோ ஒரு தீவில் இருந்தது. கப்பலில் வந்தவர்கள் கிட்டே போனபோது ஓடாமல் நின்று வேடிக்கை பார்த்தது. அதனால் நூற்றுப்பத்து வருடங்களுக்கு முன்பே இல்லாமல் போயிற்று. மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான்.

பதினேழு வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, தூசி தட்டும்போது அதன் இடது கால் கழன்று அவள் கையோடு வந்துவிட்டது. தட்டியது மெதுவாகத்தான், உள்ளே பூச்சி அரித்திருந்தது. முறைப்படி மனு எழுதினாள்: 'மூன்றாம் கூடத்துப் பறவையின் இடது கால் விழுந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிவிக்கவும்.' அப்போதைய கண்காணிப்பாளர் அதன் ஓரத்தில் பச்சை மையில் இரண்டே சொல் எழுதித் திருப்பி அனுப்பினார்: 'ஆவன செய்க.'

அலுவலகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குத் தெரியும், அதற்கு அர்த்தம் 'என்னைத் தொந்தரவு செய்யாதே' என்பது. தூசியம்மா கோப்புகளைத் துடைத்திருக்கிறாளே தவிர, படித்ததில்லை. ஆவன என்றால் ஆகக்கூடியவை. எது ஆகும் என்று உட்கார்ந்து யோசித்தாள். பழைய காலை ஒட்டிப் பார்த்தாள். அரித்த முனை பொடியாக உதிர்ந்தது. அவள் கணவர் கோழிக்கடைக்காரர். கடையிலிருந்து ஒரு கிழச் சேவலின் இடது காலை அளவு பார்த்து எடுத்து வந்து, ஒரு வாரம் உப்பில் உலர்த்தி, தேயிலைச் சாயத்தில் முக்கி, உள்ளே கம்பி கொடுத்து ஒட்டினாள். பறவை நின்றது. வலது காலைவிட இடது கால் கொஞ்சம் திமிராகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

நிஜக் காலைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. கைக்குக் கிடைத்த காகிதத்தில் சுற்றி, வீட்டில் பொத்தான்கள் போட்டுவைக்கும் தகர டப்பாவுக்குள் வைத்தாள். பிறகு சட்டைக்குப் பொத்தான் தேடும்போது மட்டும் அது கையில் இடறும்.

இந்த வருடம் ஓர் ஆராய்ச்சிக்கூடம் அந்தப் பறவையை உயிரோடு திரும்பக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. கண்காணிப்பாளராக இருந்தவர் இப்போது இயக்குநர். படிப்படியாக ஆவன செய்துகொண்டே மேலே வந்துவிட்டார். வாசலில் பெரிய பலகை வைத்தார். மரபணுச் சோதனைக்கு மாதிரி எடுக்க ஓர் இளம் ஆராய்ச்சிக்காரி வந்தாள். பார்வையாளர் கண்ணில் படாத பக்கம் என்பதால் இடது பாதத்திலிருந்து நகத்தளவு தோலை எடுத்துப் போனாள். அன்று பார்த்து தூசியம்மாவுக்கு முட்டிவலி விடுப்பு. திரும்பி வந்ததும் காவல்காரர் பெருமையாகச் சொன்னார்: "நம்ம பறவைக்கு மறுபிறப்பு, தூசியம்மா. இடது கால்லேர்ந்து எடுத்துட்டுப் போயிருக்காங்க."

தூசியம்மா நேரே பெட்டிக்கு முன்னால் போய், தான் ஒட்டிய சேவல் காலை உற்றுப் பார்த்தாள்.

வீட்டில் சொன்னபோது கணவர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. "அப்ப பெரிய பெரிய படிப்பாளியெல்லாம் கூடி, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு, பாடுபட்டு, கடைசில ஒரு கோழியை உண்டாக்கப் போறாங்க."

"சிரிக்காதீங்க. ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு. அரும்பொருளைக் கெடுத்துட்டேன்னு வெளிய அனுப்பிட்டா, ஓய்வூதியமும் சேர்ந்து போயிடும்."

"அப்ப வாயைத் திறக்காத. பொறந்தா பொறக்கட்டும். நமக்கும் அதுக்கும் ஒரு சொந்தம் இருக்குல்ல."

நாலு மாதம் அவள் வாயைத் திறக்கவில்லை. இடது காலுக்கு மட்டும் பஞ்சு போடுவதை நிறுத்திக்கொண்டாள், கோபத்தில்.

பிறகு ஒரு மதியம், கூட்டமில்லாத நேரத்தில், ஆராய்ச்சிக்காரி தனியாக வந்து பெட்டிக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். தூசியம்மா தரை துடைத்துக்கொண்டே அருகில் வந்து காலைத் தூக்கச் சொன்னாள். அந்தப் பெண் தூக்கினாள். இறக்கச் சொல்ல இவள் மறந்துவிட, தூக்கியபடியே இருந்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"கோழி வருது, அம்மா."

"எங்க?"

"பரிசோதனையில. மூணு தடவை பண்ணிட்டேன், மூணு தடவையும் கோழின்னுதான் வருது. சாப்பிட்ட கையோட மாதிரியைத் தொட்டுட்டேன்னு எங்க தலைவர் சொல்றார். நான் கோழியே சாப்பிடறதில்ல. நாளைக்கு உங்க இயக்குநர் ரூம்ல விசாரணை. அதோட என்னைத் தூக்கிடுவாங்க."

தூசியம்மா துடைப்பானை வாளிக்குள் நட்டுவைத்தாள். சொல்ல வாயெடுத்ததை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டாள்.

"இது திரும்பி வந்தா எங்க விடுவீங்க?"

"அது இருந்த தீவுலதான்."

"அங்க இப்ப என்ன இருக்கு?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "விமான நிலையம்."

"பறக்கத் தெரியாத பறவைக்கு விமான நிலையமா? நல்ல ஏற்பாடு."

"ஓரத்துல கொஞ்சம் காடு இருக்கு, அம்மா." அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஆள் வந்தா ஓடணும்னு அதுக்கு யார் சொல்லித் தருவாங்க? தாயில்லாம பொறக்கப் போகுது."

"அது எங்களுக்கும் தெரியல. ஆனா ஒழிச்சது நாமதானே? திருப்பிக் குடுக்க முடிஞ்சா குடுக்கணும்னு தோணுது."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. தூசியம்மாவின் சங்கடமே அதுதான், யார் பேசினாலும் நியாயமாகப் படும். பறவை வரலாமா கூடாதா என்று அவளால் முடிவு கட்ட முடியவில்லை. ஆனால் செய்யாத தப்புக்கு இந்தப் பெண் நாளைக்குக் கைகட்டி நிற்கப் போகிறாள். அதில் முடிவு கட்ட என்ன இருக்கிறது?

மாலையில் தகர டப்பாவை எடுத்துத் துடைத்தாள். கணவர் முதல்முறையாகக் கிண்டல் செய்யவில்லை. "போய்ச் சொல்லிடு," என்றார். "வேலை போனா போகுது. கடையில எனக்கும் ஓர் ஆள் வேணும். ஆனா கோழிக்காதையெல்லாம் துடைக்கக்கூடாது."

மறுநாள் இயக்குநர் அறையில் அவரும் ஆராய்ச்சிக்கூடத் தலைவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். தூசியம்மா உள்ளே வந்ததும் இயக்குநர் தலை நிமிராமலே, "அப்புறமா வந்து துடைங்க," என்றார்.

"துடைக்க வரலைங்க ஐயா. அந்தக் கோழி என்னோடது."

முழுக் கதையையும் சொன்னாள், உப்பு, தேயிலை, கம்பி உட்பட. தலைவரின் வாய் திறந்தது, மூட மறந்தது. இயக்குநரின் காது சிவந்தது. "யாரைக் கேட்டு இதைப் பண்ணினீங்க? யார் உத்தரவு?"

பதிலாக அவள் டப்பாவிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். மேஜைமேல் காலும், கூடவே இரண்டு சட்டைப் பொத்தான்களும் விழுந்தன. காகிதத்தைச் சுருக்கம் நீக்கித் தடவியவள் அப்படியே நின்றுவிட்டாள். எதில் சுற்றினோம் என்பதே அவளுக்கு நினைவில்லை. தன் மனு. ஓரத்தில், கொஞ்சமும் மங்காத பச்சை மை. தேதி, கையெழுத்து, எல்லாம் இருந்தன. மெதுவாக அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீங்கதாங்க ஐயா."

பல காலம் முன்பு தொலைந்துபோன உறவினரைப் பார்ப்பதுபோல இயக்குநர் அந்த இரண்டு சொல்லையும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "ஆக, உத்தரவுப்படி ஆவன செய்யப்பட்டிருக்கிறது," என்றார். யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் அடுத்த விசாரணை யாருக்கு என்பது மற்ற மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

தலைவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, "கோழி விஷயத்துல நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்," என்றார். அவள் கையுறை மாட்டி, பிறந்த குழந்தையின் காலைத் தொடுவதுபோல நிஜக் காலை எடுத்தாள். வராந்தாவுக்கு வந்ததும் அவள் கண் கலங்கியிருந்தது. "பாடம் பண்ணின மருந்து இதைக் கெடுக்காம இருந்தா நல்ல மாதிரிதான், அம்மா."

"அப்ப வந்துடுமா?"

"எவ்வளவு சீக்கிரம்னாலும் முப்பது வருஷம் ஆகும். அதுவும் நிச்சயமில்ல."

"அப்பாடா," என்றாள் தூசியம்மா. எதற்கு என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. வேலை தப்பியதற்கா, இந்தப் பெண் தப்பியதற்கா, இன்னும் முப்பது வருடத்துக்குத் தப்பிய அந்தப் பறவைக்காகவா?

மறுவாரம் அவள் இன்னொரு மனு கொடுத்தாள்: 'பறவையின் சேவல் காலை என்ன செய்ய வேண்டும் என்று தெரிவிக்கவும்.' இயக்குநர் பச்சைப் பேனாவைத் திறந்து 'ஆவ' என்று தொடங்கினார்.

"தெளிவாவே எழுதிடுங்க ஐயா. அந்த ரெண்டு சொல்லுக்கு நான் என்ன வேணாலும் பண்ணிடுவேன்."

பேனா நின்றது. எழுதியதை அடித்துவிட்டு, வெகுநேரம் யோசித்து, தன் வேலைக்காலத்திலேயே முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் எழுதினார்: 'இருக்கிற காலே இருக்கட்டும்.'

தூசியம்மா மூன்றாம் கூடத்துக்குப் போய்ப் பஞ்சை எடுத்தாள். நாலு மாதத் தூசி. இடது காலிலிருந்து ஆரம்பித்தாள்.