குங்குமம் வைத்த குக்ரி

துபாய் அல் குசைஸ் லேபர் கேம்பில் என் ரூமில் தாபா என்ற நேபாளி இருந்தான். ஏசியைக் கூட்டிக் குறைப்பதில் எங்களுக்குள் ஓயாத சண்டை.

2006 ஆயுத பூஜையன்று காலையில் என் ஸ்பானர்களுக்குப் பொட்டு வைத்தேன். எதிர்க் கட்டிலில் அவன், பட்டாளத்துக்காரரான தன் அப்பாவின் வளைந்த குக்ரி கத்தியைத் துடைத்துக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தான். நேபாளிகளுக்கும் அன்று ஆயுத பூஜைதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேம்ப் பாஸிடம் போய், "கத்தியக் காட்டி மிரட்டுறான் சார்" என்றேன்.

இரண்டே நாளில் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கும்போது இந்தியில் கேட்டான்: "பாய், நீயும்தானே அன்னிக்குக் கும்பிட்டே?"

அவன் போன அன்று ராத்திரி ஏசியை என் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.