கல்லஹனுக்கு எழுதினவள்

மில்வாக்கியில் அப்போது கல்லஹன் கதை படிக்காதவன் மனுஷனே இல்லை. பேசுகிற பனி, செத்தவர்கள் ஓட்டுகிற விண்கப்பல் என்று ஊரே அதே பேச்சு. அதையெல்லாம் எழுதினவள் ஷூ கம்பெனியில் எனக்குப் பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டிருந்த வெர்னா லிண்ட்குவிஸ்ட்.

கல்லஹன் என்று ஒரு ஆளே கிடையாது. அது அந்தக் கதைகளைப் போட்ட பத்திரிகைக்குச் சொந்தமான பெயர். அட்டைப்படத்தை முதலில் வரைந்து அனுப்புவார்கள். படத்துக்குத் தகுந்த மாதிரி வெர்னா கதை கட்ட வேண்டும். பத்திரிகை ஆசிரியர் டகன் பேச்சில் மட்டும் தேன் ஒழுகும். "அடுத்த புத்தகம் உங்க பேர்லதாம்மா." வருஷக்கணக்காக இதே பாட்டு.

"உன் தலையில நல்லா மிளகாய் அரைக்கிறான்டீ" என்பேன்.

"விடு ஹில்டா. ஒரே ஒரு புத்தகத்துல என் பேரைப் பாத்துட்டா போதும் எனக்கு."

அவள் மகன் கொரியா சண்டையில் செத்த பிறகு, அட்டைப்படம் எதுவும் இல்லாமல் தனக்காக ஒரு நாவல் எழுதினாள். பனிக்கிரகத்தில் மகன் குரலைத் தேடிப் போகிற தாயின் கதை. படித்துவிட்டு அழுதேன். அதைச் சொந்தப் பெயரில் நியூயார்க்கில் வேறொரு பதிப்பகத்துக்கு அனுப்பினாள். ஒருநாள் அங்கிருந்து போன் வந்தது. நானும் காதை ஒட்டிக்கொண்டு கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா அப்படியே கல்லஹனைக் காப்பியடிச்சிருக்கீங்க. முதல்ல சொந்தமா எழுதிப் பழகுங்க."

நான்தான் கல்லஹன் என்று அவள் சொல்ல முடியாது. ஒப்பந்தத்தில் வாயைக் கட்டியிருந்தார்கள். கடைசியில் நாவலை டகனிடமே கொடுத்தாள். கல்லஹன் பெயரில் வந்து சக்கைப்போடு போட்டது.

அந்த வருஷம் சிகாகோ ஹோட்டலில் ரசிகர் மாநாடு. வாயில் புகையும் பைப்போடு கல்லஹனாக உட்கார்ந்திருந்தவன், டகன் கூலிக்குப் பிடித்த நாடக நடிகன். அவனிடம் கையெழுத்து வாங்க வெர்னா அந்த நாவலோடு வரிசையில் நின்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா? வா, போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை.

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யார் பேருக்கு எழுதணும்?"

"வெர்னா லிண்ட்குவிஸ்ட்."

"மெதுவா சொல்லுங்க."

மெதுவாகச் சொன்னாள். ரயிலில் வரும்போது வழியெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த குளிர்காலத்தில் நிமோனியா வந்து போய்ச் சேர்ந்தாள். அந்தப் பிரதி இப்போது என்னிடம் இருக்கிறது. அவள் எழுதின அத்தனை புத்தகத்திலும் அவள் பெயர் இருப்பது இது ஒன்றில்தான். அதுவும் அவன் கையெழுத்தில்.