அந்துப்பூச்சி தின்ற பார்சல்

போன மாதம் என் மகள் அலுமாரியைத் திறந்தாள். உள்ளேயிருந்து அந்துப்பூச்சிகள் அவள் முகத்தில் வந்து மோதின.

செல்வி நாலு வருடமாகக் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். இரண்டு வார லீவில் மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குவைத்திலிருந்து அவ்வப்போது பார்சல் அனுப்புவாள் – ஓட்ஸ், பாதாம், பேரீச்சம்பழம்... எல்லாம் என் உடம்புக்கு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்படியே அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நல்ல சாமானை நாமே தின்றுவிடுகிற வழக்கம் இல்லை. செல்வியைப் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வைக்க வேண்டாமா? அதுவரை எனக்கு ரொட்டியும் சம்பலும் போதாதா? இடையில் ஒன்றிரண்டு பூச்சி பறந்தது. சேலையைத் தின்கிற பூச்சி என்று நினைத்து, பூச்சி உருண்டை வாங்கிப் போட்டேன்!

செல்வி ஓட்ஸ் பக்கெட்டை எடுத்துப் பிரித்தாள். உள்ளே நூல் நூலாகக் கூடு. அதில் புழு நெளிந்தது. பாதாம் தூளாகக் கொட்டியது.

லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் முத்தம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, பூச்சியும் குவைத்துல இருந்து வந்திருச்சா?"

நான் சிரித்தேன். செல்வி சிரிக்கவில்லை.

"ஒரு பக்கெட்டாவது ஒடச்சியாம்மா?"

"ஒன்னப் பொண்ணு பாக்க வர்றப்ப வைக்கலாம்னு..."

"போன்ல கேட்டப்பல்லாம் தின்னேன், நல்லாருந்துச்சுன்னு சொன்னியே?"

சொன்னேன்தான். அவள் மனசு குளிரட்டுமே என்று சொன்னேன்.

"அங்க வேல செய்ற வீட்டுல அவங்க தின்னுட்டு மிச்சம் வச்சதத்தான் நான் தின்னேன். நீயாவது நல்லதாத் தின்னுன்னு அனுப்புனேன். நீ பூச்சி வளத்திருக்க!"

எல்லாவற்றையும் வாரிக் கொண்டுபோய்க் கொளுத்தினாள். பறித்த கொழுந்து குறைந்த நாளில் கங்காணி முன்னால் நிற்பது மாதிரி நான் நின்றேன்.

இல்லாத காலத்தில் பட்டினி கிடந்தோம், சரி. இருக்கும்போதும் வயிற்றைக் காயப்போட எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

லீவு முடிந்து போய்விட்டாள். போன வாரம் புதுப் பார்சல் வந்தது. உடனே பிரித்தேன். ஓட்ஸ் காய்ச்சிக் குடித்தேன். சத்தியமாகக் குடித்தேன்.

நேற்று செல்வி குவைத்திலிருந்து போன் எடுத்தாள்.

"ஓட்ஸ் குடிச்சியாம்மா?"

"குடிச்சேன்டி. நல்லாருந்துச்சு."



"போனை முத்தம்மா சித்திகிட்டக் குடு."