வடக்கே திரும்பிய சைக்கிள்

ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரியாத குறுக்குவழி கிடையாது என்று இந்தப் பத்தியிலேயே பலமுறை பீற்றியிருக்கிறேன். போன வாரம் அந்தப் பெருமையில் மண் விழுந்தது. காரணம், என் தங்கை மகள் நிவேதா.

உறையூர்க்காரி. நகரமைப்புப் படிப்பில் கடைசி வருடம். திருச்சியில் சைக்கிளில் போகிறவர்கள் எந்தெந்தத் தெரு வழியாகப் போவார்கள் என்று கம்ப்யூட்டர் மேப்பில் கணிப்பதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். தெருக்களைக் கோடுகளாகவும் முச்சந்திகளைப் புள்ளிகளாகவும் மாற்றி, எது நீளம், எங்கே நெரிசல் என்று சொல்லிக்கொடுத்தால்... அது வழி சொல்லும்; இந்தக் கணக்குக்கு 'மாடல்' என்று பெயர். ஆட்கள் அதிகம் போகிற கோடு தடிமனாகத் தெரியும். நல்ல விஷயம்தானே?

சிக்கல், கோயிலைச் சுற்றி ஓடும் நான்கு வீதிகளில் ஒன்றான எங்கள் வடக்குச் சித்திரை வீதியில். மேப்பில் அது நூலாக இளைத்துக் கிடந்தது. நேரில் போய் எண்ணினால், காலையில் வரிசையாகச் சைக்கிள்கள்.

"ஏன்னு கண்டுபிடிக்கலைன்னா ப்ராஜெக்ட் அடுத்த செமஸ்டர்தான்னு என் கைடு சார் சொல்லிட்டாரு மாமா. கிடைச்ச வேலையும் போயிடும்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவுதானா? நாளைக்குக் காலையில என் பின்னாடியே சைக்கிள்ல வா. ஸ்ரீரங்கத்துக்காரன் எப்படிப் போவான்னு காட்டுறேன்." அடக்கம் எனக்குக் கொஞ்சம் கம்மி.

என் வீடு கோயிலுக்கு மேற்கே, மேலச் சித்திரை வீதியில். தினமும் காபிப் பொடி, பேப்பர் எல்லாம் தெற்கு வாசலில்தான். தெற்கே மிதித்து ஒரு திருப்பம் திரும்பினால் போதும். கிளம்பினேன். பின்னாலிருந்து குரல்.

"மாமா, எங்க போறீங்க?"

"தெற்கு வாசலுக்கு."

"அப்ப ஏன் வடக்க திரும்புறீங்க?"

பிரேக் பிடித்தேன். ஆமாம், ஏன்? வடக்கே போய், கிழக்கே போய், பிறகு தெற்கே இறங்கி — கோயிலையே ஒரு சுற்று. இத்தனை வருடமாக இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறேன், குறுக்குவழி மன்னன் என்ற நினைப்போடு.

"காலையில முதமுதல்ல கிளம்புறப்ப கோயிலை இடமா சுத்தக் கூடாதும்மா... வலமாத்தான் போகணும்" என்றேன், அசடு வழிய. பூக்கூடை கட்டிய சைக்கிள் ஒன்று எங்களைத் தாண்டி வடக்கே போனது. அதன் பின்னால் ஒரு பால்கேன்.

நிவேதா சாமி கும்பிடுகிறவள் இல்லை. ஆனால் கேலி செய்யவில்லை. என் வீட்டுக் கூடத்திலேயே லேப்டாப்பைத் திறந்தாள். காலை நேரத்துக்கு மட்டும், கோயிலை இடமாகச் சுற்றும் வழியை நீளமாகக் கணக்கிடும்படி மாற்றினாள். வடக்குச் சித்திரை வீதி மேப்பில் தடித்தது.

"இதெல்லாம் எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்று கைடு கேட்டாராம்.

"புத்தகத்துல இல்ல சார். தெருவுல எண்ணிப் பாத்துட்டேன், பொருந்துது."

கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மனிதன் கிட்டத்தில் இருக்கிற வழியில்தான் போவான் என்று கம்ப்யூட்டர் நம்புகிறது. நம்மைப் பற்றி நாமும் அப்படித்தானே நம்புகிறோம்... கால் போகிற வழி வேறு.

நேற்றுக் காலை என் வீட்டிலிருந்து அவசரமாகக் கிளம்பினாள் நிவேதா. தெற்கு வாசலில் தோழி காத்திருக்கிறாள். சைக்கிள் வடக்கே திரும்பியது.

"லேட்டாச்சேம்மா, தெற்க போயேன்."

"வேணாம் மாமா... மாடல் தப்பாயிடும்."