தையல் போட்ட பூனை

எங்கள் ஒழுங்கையில் பூனைகள் பெருகியதற்கு மனிதர்கள்தான் காரணம். களுவாஞ்சிக்குடிச் சந்தையில் மீன் வாங்கி வருகிறவர்கள் குடலையும் செவுளையும் ஒழுங்கை முடிவிலுள்ள வெறும் வளவுக்குள் எறிந்தார்கள். பூனைகள் வந்தன, குட்டி போட்டன, கூரைகளில் சண்டை பிடித்தன. பிறகு எறிந்தவர்களே பூனைத் தொல்லை என்று கத்தினார்கள்.

பிடித்துக்கொண்டு வந்தால் கருத்தடை செய்து தருவதாக மிருக வைத்தியர் சொன்னார். கருவாட்டைக் காட்டிக் கூடைக்குள் அடைத்து, ஒவ்வொன்றாக ஆட்டோவில் கொண்டுபோனேன். கடைசியாகப் போனது சாம்பல் நிறத் தாய்ப்பூனை. தையல் காயும்வரை அதை என் விறகுக் கொட்டிலில் வைத்திருந்தேன்.

வேலை முடிந்து வந்து பார்த்தால் கொட்டில் திறந்து கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் தன் படலையில் நின்று சிரித்தார்.

"அக்கா, உங்களுக்கு இனிக் கரைச்சல் இல்ல. உரப்பையில கட்டி, பாதையில ஏத்தி, அக்கரையில மண்டூர்ப் பக்கம் விட்டுட்டன்."

"எண்ட வளவுக்குள்ள ஆர் உங்கள வரச் சொன்னது? வயித்தில தையலோட கிடந்த உயிர் அது!"

"பூனைதானே அக்கா. நான் கொல்லல்லயே."

"வாங்க. விட்ட இடத்தக் காட்டுங்க."

அவர் தயங்கினார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "போய்க் காட்டிட்டு வாங்க" என்றாள். குரலில் மரியாதை இல்லை.

பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவை வாவியைக் கடக்கும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. துறையடித் தேநீர்க்கடை வாங்குக்குக் கீழே பூனை கிடந்தது. தையல் பிரிந்திருந்தது. காயத்தில் ஈ. கடைக்காரப் பெண் சிரட்டையில் வைத்த தண்ணீரை அது தொடவேயில்லை.

திரும்பி வரும்போது மடியில் பூனை கிடந்த கூடையோடு இருந்தேன். அவர் மெல்லச் சொன்னார்: "வேணுமெண்டா நல்ல வெள்ளக் குட்டி ஒண்டு கொண்டந்து தாறன்."

மிதவையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். கத்தியதை இங்கே எழுத முடியாது.

வைத்தியரின் மேசையிலேயே பூனை செத்தது.

கொஞ்ச நாளில் வேறொரு பூனை ஒழுங்கைக்கு வந்தது. கழிவு அங்கேயே கிடந்தால் வராமல் என்ன செய்யும்? அதைக் கூடையில் பிடித்து வந்து நின்றவள் எதிர்வீட்டுக்காரரின் மனைவி.

"அக்கா, இதையும் டொக்டரிட்டக் கொண்டு போவமா?"

"போவம். ஆனா மீன் குடல வளவுக்க எறியிறத முதல்ல உங்கட மனுசன நிப்பாட்டச் சொல்லுங்க."

"சொல்லிட்டன். இப்ப கிடங்கு வெட்டிப் புதைக்கிறார்."

புதைக்கட்டும். அதற்காக நான் அவரோடு பேசப்போவதில்லை.